செம்புத் தண்ணீர் சிந்தாத கார்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது கவனித்திருப்பீர்கள். பேச்சு பிள்ளைகளில் தொடங்கும், மழையில் போய் நிற்கும், கடைசியில் எப்படியும் பிரஷருக்கு வந்துவிடும். "ஒங்களுக்கு எம்புட்டு?" "எனக்கு ஒரு மாத்திர, அவுகளுக்கு ஒன்னர." நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் திங்கள்கிழமைதோறும் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் வரிசையாக உட்கார வைத்துக் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடிக்கிறவள் நான் என்பது என் மருமகளுக்குத்தான் தெரியும். "அத்த, ஒங்க தொல்ல தாங்கல" என்பாள். தாங்க வேண்டாம், கையை நீட்டு, போதும் என்பேன். ஏன் இப்படி ஆனேன் என்று கேட்டால் ஒரு காரைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் ஊர், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் தார் ரோட்டில் இறங்கி உள்ளே போக வேண்டிய ஊர். உள்ளே என்றால், சல்லி பரப்பிப் பாதியில் விட்டுப்போன பாதை, அப்புறம் ஓர் ஓடை, அதைத் தாண்டிக் கண்மாய்க்கரை, கடைசியில் கரிசல் காட்டுக்கு நடுவே வண்டித்தடம். மழை பெய்தால் கரிசல் காலில் கிடக்கும் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். காய்ந்தாலோ தடம் இறுகிக் கல்லாகிவிடும். அந்த ஊருக்கு என் அப்பா ஓர் ஐப்பசி மாதம், உழவு மாட்டு ஜோடியை விற்றுவிட்டு, ஒரு பழைய சின்னக் காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

பின்பக்கம் டிக்கி நீட்டாமல் மொட்டையாக முடியுமே, அந்த மாதிரிச் சின்னக் கார். நம்மில் பாதிப் பேர் அதில்தான் ஓட்டப் பழகியிருப்போம். வெள்ளையாகப் பிறந்து பழுப்பாகிப்போன நிறம். டவுனில் பருத்தி கமிஷன் கடை வைத்திருந்த ஒருவர் ஓட்டிச் சலித்து விற்றது. கதவைத் திறந்தால் பஞ்சுத் தூசியும் ஊதுபத்தியும் கலந்த ஒரு வாசம் வரும். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "சோப்பு டப்பாவுக்குச் சக்கரம் வச்சாப்ல இருக்கு. இதுக்கா மாட்ட வித்தீக?" என்றாள். கார் வாங்கியவர் முகத்தில் இருக்க வேண்டிய சந்தோஷம் அவர் முகத்தில் மருந்துக்கும் இல்லை. பயந்த முகமாகத்தான் இருந்தது.

அந்தப் பயத்துக்குக் காரணம் என் அக்கா.

அதற்கு முந்தின தீபாவளிக்கு அக்காவையும் அத்தானையும் அழைத்து வர அப்பா அவர்கள் ஊருக்குப் போயிருந்தார். அக்காவுக்கு அப்போது நாலாம் மாதம். அடைமழையில் ஓடை நிறைந்து ஓடியதால் பஸ் வரவில்லை. பருத்தி லோடு ஏற்றிய டிராக்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, அப்பாவே ஓட்டி வந்தார். அக்கா பருத்தித் தாட்டு மூட்டைமேல் உட்கார்ந்து, தூக்கித் தூக்கிப் போட, சிரித்துக்கொண்டே வந்து இறங்கினாள். வீட்டில் முறுக்குச் சுட எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. தீபாவளி முடிந்த ரெண்டாம் நாள் கரு கலைந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்து ஒரே பேச்சாகச் சொன்னார்கள்: "டிராக்டர்ல வச்சுக் கூட்டியாரலாமா? குலுக்குன குலுக்குல கலஞ்சு போச்சு." அப்பா மாட்டுத் தொழுவத்தில் போய் நின்றுகொண்டு, "நான்தான் குலுக்கிக் கொன்னுட்டேன்" என்று மாட்டிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். வளர்ந்த ஆம்பளை அழுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மறு வருஷம் அக்கா மறுபடியும் உண்டானாள். ஆவணியிலேயே தடம் காய்ந்திருக்கும்போது அப்பா அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். புரட்டாசியில் ஒரு தடவை, டவுனுப் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய் வந்தார்கள். டாக்டரம்மா, எல்லாம் நல்லா இருக்கு, மாசாமாசம் வரணும் என்று சொல்லி அனுப்பினார். ஆனால் திரும்பி வரும்போது பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் அக்காவுக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்க அப்பா வாசலுக்கும் நடைக்குமாக நடந்தார். காலையில் அம்மாவிடம், "இனிமே எம் பிள்ள பஸ்ஸுல ஏற மாட்டா" என்றார். அப்படித்தான் கார் வந்தது. பிள்ளை பெற அந்த ஆஸ்பத்திரிக்கு அக்கா போகப்போகிற ஒரே ஒரு பயணத்துக்காக.

காரைக் கொண்டுவந்துவிட்டால் போதுமா? முதல் நாளே வெள்ளோட்டம் விட்டார்கள். கல் ஒவ்வொன்றும் காரின் அடிவயிற்றில் இடித்தது. பஸ்ஸே தேவலை என்று நான் வாயைத் திறந்து சொல்லி, அம்மாவிடம் தலையில் ஒரு குட்டு வாங்கினேன். அப்பா மறுநாள் காரைப் பாளையம்பட்டிக்கு ஓட்டிப்போனார்.

அங்கே ஒரு மெக்கானிக் ஷெட்டு வைத்திருந்தார். அப்பா சின்ன வயதில் ஜின்னிங் மில் லாரி ஓட்டியபோது பழக்கம். வாயில் எந்நேரமும் பாக்கு. கையைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். எதைக் கேட்டாலும் "ஒன்னு பண்ணுவோம்ணே" என்று தொடங்குவார். அந்த ஒன்றைப் பண்ணி முடிக்கப் பத்து நாள் ஆகும். முடிந்ததும் அது சரிவராது. உடனே இன்னொன்று பண்ணுவோம்ணே. அந்த மனிதரை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அவரை மட்டும் சொல்லி என்ன, அப்பாவுக்கு அந்த வார்த்தை வேண்டியிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதற்கு அது எவ்வளவோ மேல் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

முதலில் ஒன்று பண்ணினார்கள். அடியில் கல் இடிக்காதபடி உயரமான ஸ்பிரிங் போட்டார்கள். கார் எழும்பி நின்றது. கல் இடிக்கவில்லைதான், ஆனால் ஒவ்வொரு மேட்டிலும் ஆளைத் தூக்கிக் கூரையில் அடித்தது. அதைக் கழற்றிவிட்டு இளக்கமான ஸ்பிரிங் போட்டு, அடியில் இரும்புத் தகடு வைத்து வெல்டிங் பண்ணினார்கள். அப்புறம் முன்பக்கம் டிரைவருக்குப் பக்கத்து சீட்டைப் பிடுங்கிப் போட்டார்கள், அக்கா காலை நீட்டிக்கொள்வதற்கு. பின் சீட்டின் கம்பிச் சட்டத்தை எடுத்துவிட்டுத் தென்னை நார், அதற்குமேல் எங்கள் காட்டுப் பருத்தியை டவுனில் கொடுத்து அடித்து வந்த பஞ்சு, அதற்குமேல் வெல்வெட்டுத் துணி. ஜன்னலுக்கு நீலத் திரை. காற்றுக்கு பாட்டரியில் சுற்றும் குட்டி விசிறி. அந்த விசிறி 'ங்ஞொய்' என்று கத்துமே தவிர காற்று வராது.

சரியாகிவிட்டதா என்று எதை வைத்துப் பார்ப்பது? அதற்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். அம்மாவின் சீதனத்தில் வந்த பித்தளைச் செம்பில் கழுத்துவரை தண்ணீர் நிறைத்து, தாம்பாளத்தில் வைத்து, அக்கா உட்கார வேண்டிய இடத்தில் வைத்தார். பக்கத்தில் நான். "செம்பத் தொடக் கூடாது, தாயி. பாத்துக்கிட்டு மட்டும் வா." வீட்டிலிருந்து தார் ரோடுவரை போய்த் திரும்புவோம். வந்து நின்றதும் அப்பா இறங்கி, கதவைத் திறந்து, தாம்பாளத்தைப் பார்ப்பார். சிந்தியது எவ்வளவு, செம்பில் இருப்பது எவ்வளவு. முதல் தடவை பாதிக்குமேல் தாம்பாளத்தில் கிடந்தது. அப்பா அதை வாசலில் ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

கார் ஷெட்டிலிருந்து திரும்பும் ஒவ்வொரு தடவையும் இது நடக்கும். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பொறாமையாகப் பார்த்தார்கள். கார் சவாரி அல்லவா! எனக்கோ அந்தக் காரில் ஏறவே கால் கூசும். தண்ணீர் தளும்பிச் செம்பின் வாயைத் தாண்டி வழியும்போதெல்லாம், போச்சு, இந்தப் பிள்ளையும் போச்சு என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. ஆனால் அந்தச் செம்புதான் அக்காவின் வயிறு என்பது அந்தக் காரில் ஏறின எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஓடையில் இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். 'டொப்' என்று சத்தம் கேட்கும். திறக்கப் பயமாக இருக்கும்.

அக்கா என்னவோ சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் வாய் அப்படி. "என்னடி, இன்னிக்கு எங்கப்பன் தேரு எதுவரைக்கும் ஓடுச்சு?" என்பாள். கட்டிலைவிட்டு எழுந்திருக்கக் கூடாது, குனியக் கூடாது, குடம் தூக்கக் கூடாது என்று ஆயிரம் கூடாதுகள். வெறும் அரிசியை மடியில் கட்டி வைத்து மென்றுகொண்டே இருப்பாள். மத்தியானம் அம்மா காட்டுக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டு, "காத வச்சு அசையுதான்னு பாரு" என்பாள். நான் வயிற்றில் காதை வைப்பேன். உள்ளே ஒரு உதை விழுந்தால் இருவரும் சிரிப்போம். கொஞ்ச நேரம் ஒன்றும் வராவிட்டால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். அவள் சிரிப்பில் எவ்வளவு பயம் இருந்தது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

ஐப்பசியில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் வந்தபோது காருக்குச் சக்கரமே இல்லை. நாலும் ஷெட்டில் கழன்று கிடந்தன. "அடுத்த மாசம் சேத்துப் போய்க்கிரலாம்" என்றார் அப்பா. கார்த்திகையில் நாள் வந்தபோது செம்பில் கால்வாசி சிந்திக்கொண்டிருந்தது. அம்மா வாசற்படியில் நின்று கேட்டாள்.

"டாக்டரம்மா மாசாமாசம் வரச் சொன்னாகளே?"

"வரச் சொன்னவுக ரோட்ட வந்து பாத்தாகளா? இப்ப போயி ஆஸ்பத்திரில என்ன செய்யப் போறாக? கையப் பிடிச்சுப் பாத்துட்டு மாத்திரை குடுத்து அனுப்புவாக. அதுக்காக எம் பிள்ளய ரெண்டு தடவ குலுக்கச் சொல்றியா?"

போன வருஷத்துத் தீபாவளி அம்மாவின் வாயையும் அடைத்துவிட்டது. வழக்கமாக வீட்டுக்கு வந்து கர்ப்பிணிகளைப் பார்க்கும் நர்ஸம்மாவும் அந்தப் பருவத்தில் வரவில்லை. அவரும் பிள்ளை பெறத் தாய்வீட்டுக்குப் போயிருந்தார்.

வளைகாப்பைக்கூட அப்பா எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அத்தான் வீட்டார் தாம்பாளங்களோடு சேற்றில் நடந்து வந்தார்கள். வளையல்காரர் அளவெடுத்துப் போட்ட கண்ணாடி வளையல்கள் மார்கழி பிறப்பதற்குள் அக்காவின் கையில் இறுகிவிட்டன. ஆட்டினால் சத்தம் வராது. கால்விரலில் மெட்டி பதிந்துபோய், விளக்கெண்ணெய் போட்டும் கழலாமல், அப்பா காரின் கட்டிங் பிளேயரைக் கொண்டுவந்து நறுக்கி எடுத்தார். "நம்ம வீட்டுச் சோறு. சதை போட்டுட்டா" என்று பார்க்க வந்தவர்கள் மெச்சினார்கள். அம்மாவுக்குப் பெருமை. மெட்டி இருந்த இடத்தில் அக்காவின் விரலை நான் அழுத்தியபோது உண்டான குழி வெகுநேரம் எழும்பவே இல்லை. அதை வைத்து நாங்கள் விளையாடினோம் என்றால் நம்புவீர்களா? அழுத்திவிட்டுக் குழி மறைகிறவரை பாட்டுப் பாடுவோம்.

அத்தான் ஒருவர்தான் ஒரு தடவை துணிந்தார். பாவம், மாமனார் என்றால் அவருக்கு நடுக்கம். ஞாயிறுதோறும் பன்னும் ஆரஞ்சும் வாங்கி வந்து, அக்கா பக்கத்தில் உட்காரக் கூச்சப்பட்டு, காரைச் சுற்றி வந்து பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருப்பார். மார்கழியில் ஒருநாள் காரின் கதவைத் தடவியபடியே, "மாமா, நான் வேணா பஸ்ஸுலயே பதனமாக் கூட்டிட்டுப் போயிட்டு வந்திரட்டுமா? முகமெல்லாம் ஒரு மாதிரியா இருக்கு அவளுக்கு" என்றார்.

அப்பா குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "மாப்ள, ஒரு பிள்ளய நான் கொன்னுட்டேன். இந்தப் பிள்ளய நீங்க கொல்லப் போறீகளா?"

அத்தான் பன்னுப் பையை என் கையில் கொடுத்துவிட்டு அப்படியே நடந்துபோனார். அக்கா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் அரிசி மெல்லவில்லை.

மிளகாய்க் காட்டில் புல் மண்டியது. மல்லிக்குக் களை எடுக்க ஆள் விடவில்லை. அப்பாவுக்குக் கண்ணில் கார் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மார்கழிப் பனியில் காலையில் கார்மேல் நீர் கோத்துக் கிடக்கும். அதைத் துணியால் துடைப்பார். பாதையையும் விடவில்லை. சட்டியில் கரிசலை அள்ளிப்போய்ப் பள்ளம் பள்ளமாக நிரப்பினார். அவ்வளவு அக்கறை கொண்ட மனிதர் ஒரே ஒரு இடத்தைப் பார்க்கத் தவறினார் என்றால், அவரைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை, விடவும் வரவில்லை.

பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். மெக்கானிக் கடைசியாக ஒன்று பண்ணி, பின்பக்கம் புது ஷாக் அப்சர்பர் போட்டு அனுப்பியிருந்தார். காலை வெயில் ஏறிய நேரம். செம்பை வைத்துக்கொண்டு கிளம்பினோம். ஓடையில் இறங்கி ஏறினோம். கண்ணைத் திறந்தேன். தண்ணீர் கழுத்தில் அப்படியே நின்றது. தார் ரோட்டில் திரும்பி மறுபடியும் ஓடை, மறுபடியும் கரை. வீட்டு வாசலில் நின்றதும் அப்பா தாம்பாளத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். விரல் காய்ந்திருந்தது. என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அந்தக் கார் வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவர் சிரித்தார். செம்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே போய் அக்காவின் முன்னால் நீட்டினார்.

"குடி தாயி. சொட்டுச் சிந்தல. இனி நாளைக்கே கூட ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அக்கா கையை நீட்டினாள். கை செம்புக்குப் பக்கத்தில் போய்க் காற்றைப் பிடித்தது. மறுபடியும் நீட்டினாள். புறங்கை பட்டுச் செம்பு சாய்ந்து, தரையில் விழுந்து, தண்ணீர் முழுதும் கொட்டிப்போனது. செம்பு உருண்டு சுவரில் மோதி நின்றது.

"ஏன்டி, வெளங்காதவளே! நல்ல நாளும் அதுவுமா தண்ணியத் தட்டி விடுற!" என்று அம்மா கத்தினாள். அப்பா கொட்டிய தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாளா, எனக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தாளா, தெரியவில்லை. "ரெண்டு செம்பு தெரியுதும்மா. காலையில இருந்து தல பொளக்குது. கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியாப் பறக்குது" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவள் முகத்தை எல்லோரும் பார்த்தார்கள். அந்த முகம் அப்படி ஊதிப்போனது என்றைக்கு? தினமும் அங்கேயேதான் இருந்தது.

காரில் ஏற்றினார்கள். அக்காவைப் பஞ்சு மெத்தையில் சாய்த்து, அம்மா மடியில் தலையை வாங்கிக்கொண்டாள். சீட்டுப் பிடுங்கிய இடத்தில் நான் குத்தவைத்து உட்கார்ந்து அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டேன். அப்பா கிளப்பினார். எத்தனை பதனமாக ஓட்டினார் என்கிறீர்கள்! பள்ளத்துக்குப் பள்ளம் நிறுத்தி, முன் சக்கரத்தை இறக்கி, மூச்சைப் பிடித்து, பின் சக்கரத்தை இறக்கி. ஆடு மேய்க்கிறவர் எங்களைத் தாண்டி நடந்து போனார். அப்பா சொன்னதுபோலக் கார் குலுங்கவே இல்லை. நீலத் திரை ஆடக்கூட இல்லை. அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு முனகினாள். கண்மாய்க்கரையில் வாந்தி எடுத்தாள். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, யாரிடம் என்ன சொல்லிக் கத்துவது என்று தெரியவில்லை.

ஓடைக்கரை வந்தது. அப்பா நிறுத்திவிட்டு இறங்கினார். எந்தப் பக்கம் இறக்கலாம் என்று குனிந்து தடத்தைப் பார்த்தார். ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார். இன்னொரு கல்லை எடுத்தார்.

அப்போதுதான் அக்கா மடியிலிருந்து தலையைத் தூக்கினாள். அவ்வளவு சத்தம் அவளிடம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"யப்பா! குலுங்கட்டும்ப்பா! குலுங்குனா குலுங்கிட்டுப் போகுது, வெரசாப் போங்கப்பா! நான் செத்துருவேன் போலருக்கு!"

அப்பா கையில் கல்லோடு நின்றார். பிறகு அதைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஏறினார். அந்தச் சின்னக் கார் ஓடையில் பாய்ந்தது. என் தலை டேஷ்போர்டில் இடித்தது. அடியில் தகடு கல்லில் உரசிக் கிறீச்சிட்டது. மேட்டில் ஏறும்போது பின்னால் 'டமார்' என்று ஏதோ ஒடிந்தது. அப்பா நிறுத்தவில்லை. சல்லிப் பாதையில் கார் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது, ஒவ்வொரு குதிப்புக்கும் 'லொடக் லொடக்' என்று பின்னால் சத்தம். அப்பா வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினார். பாளையம்பட்டி தாண்டும்போது அக்காவின் கண் மேலே செருகியது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. "இரும்பக் குடு, கையில இரும்பக் குடு!" என்று அம்மா அலறினாள். காரில் இரும்புக்கா பஞ்சம்? காலடியில் கிடந்த ஸ்பேனரை எடுத்து அக்காவின் கையில் திணித்தேன். வளையல்கள் நொறுங்கி என் மடியில் விழுந்தன.

ஆஸ்பத்திரியில் அவளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். பிரஷர் தலைக்கு மேல் ஏறி வலிப்பு வந்துவிட்டது, ஊசி போட்டு ஆபரேஷன் பண்ணிப் பிள்ளையை எடுத்திருக்கிறோம், ஆண் பிள்ளை, எடை ரொம்பக் குறைவு, தாய்க்கு இன்னும் ரெண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார். அப்புறம் கையிலிருந்த சீட்டைப் புரட்டிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"புரட்டாசியில வந்திருக்கீங்க. அதுக்கப்புறம் மூனு மாசம் ஏன் கூட்டிட்டு வரல? வந்திருந்தா அப்பவே பிரஷரப் பாத்து மாத்திரை குடுத்திருப்போமே?"

அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் கிரீஸ் அப்பியிருந்தது.

"வண்டி ரெடியாகலம்மா" என்றார்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அம்மாதான் அழுதுகொண்டே டிராக்டர் கதையையும் குலுக்கல் கதையையும் சொன்னாள். டாக்டரம்மா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "குலுங்குனதால எல்லாம் கரு கலையாதுங்க. அது வேற காரணம். டிராக்டர் மேல பழி போடாதீங்க."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அந்தப் பிள்ள நான் ஓட்டுனதுல போகலியாம்மா?"

"இல்லங்க."

ஒரு வருஷமாகச் சுமந்ததை இறக்கி வைத்த நிம்மதி அவர் முகத்தில் வரும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கவில்லை. அத்தான் வந்து சேர்ந்தபோது எழுந்து நின்றார். மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்துக் கைகூப்பினால் மாப்பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும்? அத்தான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா பிழைத்தாள். ரெண்டு நாள் கழித்துக் கண் தெளிந்து, என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "தேரு ஒடஞ்சு போச்சாடி?" என்றுதான். பிள்ளையும் பிழைத்தான். உள்ளங்கையில் அடங்கும்போல் இருந்தான், நான் தொடவே பயந்தேன். இன்றைக்கு அவன் கதவுக்குள் குனிந்து நுழைகிற ஆள்.

பின்னால் ஒடிந்ததை அப்பா மாற்றவில்லை. மெக்கானிக் வீடு தேடி வந்து, "ஒன்னு பண்ணுவோம்ணே" என்றபோது, "ஒன்னும் பண்ண வேணாம், காப்பியக் குடிச்சிட்டுப் போ" என்றார். விற்கும்வரை அந்தக் கார் லொடக் லொடக் என்றுதான் ஓடியது. மெத்தையைப் பிரித்துத் தலையணை தைத்தார்கள். ஒடுக்கு விழுந்த செம்பை அம்மா ஒரு பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் குடம் வாங்கிவிட்டாள். அந்தச் செம்பு மட்டும் என்னிடம் இருந்திருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பிள்ளைக்கு முதல் தடுப்பூசிக்குக் குறித்த நாள் காலையில் கார் கிளம்பவில்லை. அப்பா சாவியைத் திருகித் திருகிப் பார்த்தார். அக்காவுக்கு இன்னும் நடக்கத் தெம்பு வரவில்லை. "ஒரு நாள் தள்ளிப் போனா என்ன, நாளைக்கு மெக்கானிக்க வரச் சொல்லிப் பாத்துட்டுப் போங்க" என்றாள் அம்மா. அப்பா காரைவிட்டு இறங்கி, கதவைக்கூடச் சாத்தாமல், உள்ளே போய்ப் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அத்தான் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். அவர்களுக்குப் பின்னால் நான்.

தார் ரோட்டில் டவுன் பஸ் வந்தது. கூட்டம். கடைசி சீட்டில் மட்டும் இடம் இருந்தது. எங்கள் பக்கத்து டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்களா? உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியது. நாங்கள் மூவரும் சீட்டைவிட்டு எழும்பி விழுந்தோம். நான் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தேன். அப்பா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார், ஒவ்வொரு பள்ளத்துக்கும் இன்னும் இறுக்கிப் பிடித்தார், ஆனாலும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லவில்லை. பிள்ளை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.